ஓட்டல்காரருக்கு நாம் கட்டித் தரும் சரக்கு



ஒரு டிபன் கடையோ, மெஸ்ஸோ, தள்ளுவண்டி இட்லிக் கடையோ இல்லாத கடைவீதியைத் தமிழ்நாட்டில் காண்பது அரிது. விடியற்காலையில் நம் கடைக்கு லாரி வரும் முன்பே அங்கே அடுப்பு எரிகிறது. நம் கடைப் பையன்கள், மூட்டை இறக்கும் தொழிலாளர்கள், லாரி டிரைவர்கள், வெளியூரிலிருந்து கொள்முதலுக்கு வரும் சில்லறை வியாபாரிகள் எல்லோரும் சாப்பிடுவது அங்கேதான். கடையை விட்டு நகர முடியாத நாட்களில் நமக்கும் அங்கிருந்துதான் பார்சல் வருகிறது.

உடலுக்குக் கேடில்லாத உணவு, ஊரைக் குப்பையாக்காத உணவு என்ற பேச்சு இப்போது அதிகமாகக் கேட்கிறது. அது குளிர்சாதன வசதி கொண்ட பெரிய ஓட்டல்களின் சமாச்சாரம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. நம் நாட்டில் 10.1 கோடிப் பேர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் ஏராளமானோர் தினமும் ஒரு வேளையாவது சிறிய ஓட்டலில் சாப்பிடுகிறவர்கள். அந்த ஓட்டலுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், மசாலா போடுகிறவர்கள் நாம்.

மாஸ்டரின் கைப்பக்குவம் எத்தனை சிறப்பாக இருந்தாலும், அவர் சட்டியில் விழுவது நாம் கட்டிக் கொடுத்த சரக்குதான். ஆகவே நல்ல சாப்பாடு என்பது ஓட்டல் சமையலறைக்கு முன்பே மளிகைக் கடையில் தொடங்கிவிடுகிறது. இதை நமது தொழில் கணக்காகவே இக்கட்டுரையில் பார்ப்போம்.

1. இது ஏன் நம் கணக்கு?

ஓட்டல் வியாபாரம் பெரும்பாலும் கடன் வியாபாரம். உதாரணமாக ஒரு டிபன் கடை வாரம் 8,000 ரூபாய்க்குச் சரக்கு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு வாரக் கடன் என்றால் நம் பணம் 32,000 ரூபாய் எப்போதும் அந்தச் சமையலறையில் நிற்கிறது. நமக்கு நிகர லாபம் 100-க்கு 3 ரூபாய் என்றால், வாரத்துக்கு 240 ரூபாய் கிடைக்கும்.

ஒரு நாள் அங்கே சாப்பிட்ட பத்துப் பேருக்கு வயிற்றுக் கோளாறு ஏற்படுகிறது. அதிகாரிகள் வருகிறார்கள், மாதிரி எடுக்கிறார்கள், கடை மூடப்படுகிறது. ஓட்டல்காரர் ஊரை விட்டே போகிறார். பாக்கி 32,000 ரூபாயும் போயிற்று. இந்த நஷ்டத்தை 3 சதவீத லாபத்தில் ஈடுகட்ட நாம் சுமார் 10 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய்க்குப் புதிதாக விற்க வேண்டும். அதே ஓட்டல் மறுபடி வந்து வாங்கினால்கூட இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

ஒரு டின்னில் 30 ரூபாய் கூடக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத எண்ணெயை அனுப்பும்போது, நாம் எதைப் பந்தயம் வைக்கிறோம் என்பதை இந்தக் கணக்கு சொல்லும்.

2. எண்ணெய்: 75 காசுக் கணக்கு

ஓட்டல் சரக்கில் முதன்மையானது எண்ணெய். தவறு அதிகம் நடப்பதும் இதில்தான்.

வடைச் சட்டியில் எண்ணெய் கொதிக்கும்போது மூன்று காரியங்கள் நடக்கின்றன. மாவில் உள்ள ஈரம் எண்ணெயைச் சிதைக்கிறது. காற்று பட்டு எண்ணெய் காறிப்போகிறது. தொடர்ந்த சூட்டில் அது கெட்டியாகிப் பிசுபிசுக்கிறது. கருகிய மாவுத் தூளும், உப்பும், இரும்புச் சட்டியும் இதை மேலும் விரைவாக்குகின்றன. நிறம் கறுப்பது, மேலே நுரை நிற்பது, முன்பைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைவது, கரண்டியில் பசை போல் ஒட்டுவது ஆகிய நான்கும் எண்ணெய் கெட்டதற்கு அடையாளங்கள்.

இவ்வாறு சிதைந்த பொருள்களின் மொத்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் சட்ட விதி. ஒரே எண்ணெயை மூன்று முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஆலோசனை. பொரிப்பதற்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் நிறுவனங்கள் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். கழித்த எண்ணெயை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அதிலிருந்து பயோ டீசல் தயாரிக்கும் திட்டம் 2018 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது.

இப்படி ஒரு வழி ஏன் தேவைப்பட்டது என்பதை வியாபாரிகளான நாம் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய சமையலறைகளில் கழித்த எண்ணெய் கைமாறி, வடிகட்டப்பட்டு, லேபிள் இல்லாத டின்னில் மலிவு விலைக்குத் தெருக்கடைகளுக்கு வந்து சேரும் ஆபத்து எப்போதும் உண்டு. மார்க்கெட் விலையைவிட மிகக் குறைத்து எவராவது எண்ணெய் கொண்டுவந்தால், விலையைப் பேசுவதற்கு முன் பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் சரக்கும் வேண்டாம்.

"அண்ணாச்சி, எந்த எண்ணெயானாலும் சரி, விலை குறைஞ்சாப் போதும்" என்று ஓட்டல்காரர் சொல்வதை நாம் தினமும் கேட்கிறோம். அவருக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். நாளைக்கு 400 வடை போடும் கடை. அதில் தினம் 2 லிட்டர் பழைய எண்ணெயைக் கழிக்க நேர்கிறது. கணக்குக்காக லிட்டர் 150 ரூபாய் என்று வைத்தால் 300 ரூபாய். ஒரு வடைக்கு 75 காசு. கழித்த எண்ணெய்க்குச் சேகரிப்பாளர் தரும் விலையைக் கழித்தால் அதுவும் குறையும். ஆக, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே எண்ணெயில் பொரிப்பதால் அவர் மிச்சம் பிடிப்பது வடைக்கு 75 காசுக்கும் குறைவு. அதற்காக இழக்கக்கூடியது கடையின் பெயர்.

அந்த 75 காசையும் குறைக்க வழிகள் இருக்கின்றன:

அகன்ற பெரிய சட்டிக்குப் பதில் தேவைக்கேற்ற சிறிய, ஆழமான சட்டி வைத்தால் கழிக்க வேண்டிய எண்ணெயே குறையும். ஊறிய பருப்பை நன்றாக வடித்து அரைக்க வேண்டும். உதிர்ந்த தூளை அரித்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டியின் மேலே உப்புத் தூவக் கூடாது. வேலை இல்லாத நேரத்தில் அடுப்பைக் குறைக்க வேண்டும். பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெயை ஊற்றிக்கொண்டே போகக் கூடாது. அப்படிச் செய்தால் புதியதும் சேர்ந்து கெடும்.

வனஸ்பதி பற்றியும் ஒரு வார்த்தை. பரோட்டா, பிஸ்கட், பப்ஸ் போடுகிறவர்கள் இதை அதிகம் வாங்குகிறார்கள். இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பின் அளவு எண்ணெய், வனஸ்பதி ஆகியவற்றில் 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. லேபிளில் இந்த அளவு அச்சிடப்படாத சரக்கை இறக்காதீர்கள்.

3. மசாலா, பருப்பு, கேசரிப் பவுடர்

எண்ணெய் கெடுவது கண்ணுக்குத் தெரியும். மசாலாவில் நடப்பது தெரியாது. ஆனால் சில சோதனைகளை நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரில் மிளகாய்த் தூளை மெல்லத் தூவுங்கள். சாயம் கலந்திருந்தால் நிறம் கோடு கோடாகக் கீழே இறங்கும். மஞ்சள் தூளை இட்டால் நல்ல சரக்கு வெளிர் மஞ்சளாகி அடியில் படியும். சாயம் கலந்தது தண்ணீரை அடர்ந்த மஞ்சளாக்கும். தேயிலைத் தூளை வெள்ளைத் தாளில் பரப்பி ஈரப்படுத்தினால், சாயம் ஏற்றிய பழைய தூள் கறை விட்டுக் காட்டிக்கொடுக்கும். கடுகை நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும். வெண்மையாக இருந்தால் அது பிரமதண்டு விதை. இவை முதல் எச்சரிக்கைக்குத்தான். சந்தேகம் வந்தால் முடிவு சொல்ல வேண்டியது ஆய்வுக்கூடம்.

கேசரிப் பவுடர் விற்பனையில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறங்களைக்கூட குறிப்பிட்ட பண்டங்களில், குறிப்பிட்ட அளவுக்குள்தான் சேர்க்கலாம். பிரியாணி, பஜ்ஜி மாவு, பொரித்த கோழி போன்றவற்றுக்கு அந்த அனுமதி இல்லை. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் ரோடமின்-பி என்ற சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் நம் மாநிலத்தில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்ததை அனைவரும் அறிவோம். ஓட்டல்காரர் நிறத்துக்காகக் கேட்டால், விதை நீக்கி அரைத்த காஷ்மீர் மிளகாயையும் நல்ல விரலி மஞ்சளையும் காட்டுங்கள். விலை கூடுதல்தான்; ஆனால் நிறத்தோடு மணமும் கிடைக்கிறது.

4. உப்பு

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு டீஸ்பூன் அளவு. சாம்பார், ரசம், கூட்டு, மோர், ஊறுகாய், அப்பளம் என்று ஒரு முழுச் சாப்பாட்டிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும்.

இதற்கு ஓட்டல்காரர் பெரிய மாற்றம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. கைப்பிடியால் போடுவதை விட்டு அளவுக் கரண்டியால் போடுவது, ஊறுகாயையும் அப்பளத்தையும் கேட்டவருக்கு மட்டும் வைப்பது ஆகிய இரண்டும் போதும். அயோடின் கலந்த உப்பையே கொடுங்கள். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. யார் சாப்பிட வருகிறார்கள் என்று தெரியாத ஓட்டலுக்கு அதைச் சிபாரிசு செய்ய வேண்டாம்.

5. சிறுதானியம்: விற்கத் தெரிந்தால் லாபம்

2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதைக் கேட்டுப் பல ஓட்டல்கள் சிறுதானிய டிபன் தொடங்கின. சில தொடர்ந்தன, சில நின்றுபோயின. நின்றதற்கு ஒரு காரணம் சரக்கின் தரம்.

கம்பில் கொழுப்பு அதிகம். அதனால் மாவாக்கிய சில நாட்களிலேயே காறல் வாடையும் கசப்பும் வந்துவிடும். உமி நீக்கிய தினை, சாமை, வரகு ஆகியவையும் அரிசி போல் நெடுநாள் தாங்குவதில்லை. முழுத் தானியமாக வைத்திருந்தால் தாங்கும். ஆகவே மூட்டைக் கணக்கில் மாவு வாங்கி அடுக்காமல், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக் கொடுங்கள். மாவு சிப்பத்தின் மேல் அரைத்த தேதி கட்டாயம் இருக்கட்டும். கேழ்வரகு மாவு ஓரளவு தாங்கும். அதில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை.

ஓட்டல்காரர் இட்லி, தோசையை மாற்றிவிட வேண்டும் என்பதில்லை. காலையில் ஒரு கம்பங்கூழ், மாலையில் ஒரு கேழ்வரகு அடை அல்லது சாமை உப்புமா என்று ஒரு பண்டத்தில் தொடங்கட்டும். சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் தீரும் என்று மட்டும் நாம் சொல்லக் கூடாது. நாம் மளிகைக்காரர்கள், வைத்தியர்கள் அல்லர்.

6. இலையும் பார்சலும்

ஒரு முறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கைப்பைகள் மட்டுமல்ல, உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், மேசையில் விரிக்கும் தாள், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், தட்டு எல்லாம் இதில் அடங்கும். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. ஆனாலும் சுடச்சுட சாம்பாரைப் பிளாஸ்டிக் கவரில் கட்டும் பழக்கம் முழுவதும் ஒழியவில்லை. அந்தக் கவரை ரகசியமாக விற்றுக் கொடுப்பவர்கள் நம்மில் சிலர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சோதனை வரும்போது கடைக்காரர் மட்டும் அபராதம் கட்டுகிறார், தயாரிப்பவர் தப்புகிறார் என்ற நமது குறை நியாயமானதே. அதைச் சங்கம் மூலம் கேட்போம். அதற்காக நாம் விற்பது சரியாகிவிடாது.

செய்தித்தாளில் வடை, பஜ்ஜி வைத்துக் கொடுப்பதும் தவறு. அச்சு மையில் உள்ள ரசாயனம் சூடான எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும். 2018-இன் உணவுப் பொதிதல் விதிகள் இதைத் தடை செய்கின்றன. ஓட்டல்காரருக்கு நாம் விற்க வேண்டியவை வாழை இலை, மந்தாரை இலை, அச்சில்லாத பழுப்புத் தாள், துணிப்பை. டீக்கு எவர்சில்வர் அல்லது கண்ணாடி டம்ளர். ஒரு முறை வாங்கிக் கொதிநீரில் கழுவி வைத்தால், தினம் கப் வாங்கும் செலவு நின்றுவிடும். வீட்டிலிருந்து தூக்குவாளி கொண்டுவருகிறவருக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கும் ஓட்டல்காரர் கவர்ச் செலவையும் மிச்சப்படுத்துகிறார், வாடிக்கையாளரையும் பிடித்துவைக்கிறார்.

7. மீந்துபோவது யார் பணம்?

2022-இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணானது என்றும், அதில் 29 கோடி டன் ஓட்டல் போன்ற உணவுக்கூடங்களில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டது. நம் தெரு மெஸ்ஸில் குப்பைக்குப் போகும் ஒரு வாளிச் சோற்றில் நாம் கடனாகக் கொடுத்த அரிசியும் இருக்கிறது.

முழுச் சாப்பாட்டோடு அளவுச் சாப்பாடும் வைத்திருந்து, வேண்டுமானால் சோறு மறுபடி தரப்படும் என்றால் இலையில் வீணாவது குறையும். மத்தியானம் எத்தனை பேர் வந்தார்கள் என்று கிழமை வாரியாக நோட்டில் குறித்துவைத்தால், அடுத்த வாரம் எவ்வளவு உலை வைப்பது என்பது தெரியும். கணக்கு எழுதுவது நமக்குக் கைவந்த கலை. அந்த நோட்டை ஓட்டல்காரருக்கு நாமே சொல்லிக்கொடுக்கலாம்.

8. சட்டம் நம்மை எங்கே பிடிக்கும்?

"நான் விற்றேன், அவ்வளவுதான், சமைத்தவர் அவர்" என்ற பதில் எல்லா இடத்திலும் செல்லாது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 27-ஆவது பிரிவு தயாரிப்பாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி ஒவ்வொருவரின் பொறுப்பையும் தனித்தனியே சொல்கிறது. காலாவதியான சரக்கு, தவறான லேபிள் உள்ள சரக்கு, எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாத சரக்கு, சுத்தமில்லாத இடத்தில் வைத்த சரக்கு, பாதுகாப்பற்றது என்று தெரிந்தே வாங்கிய சரக்கு ஆகியவற்றுக்கு விற்றவரே பொறுப்பு. தரம் குறைந்த உணவுக்கு 51-ஆவது பிரிவின்படி 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் உண்டு.

பொடித்த மசாலாவைப் பொட்டலமிடாமல் திறந்து வைத்து அளந்து விற்கக் கூடாது. சமையல் எண்ணெயும், அரசு விலக்கு அளித்தாலன்றி, சில்லறையாக ஊற்றி விற்கக் கூடாத சரக்கு. நம் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் நடைமுறை. நாம் வாங்கும் பில்லிலும் அது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அதே சட்டம் ஒரு பாதுகாப்பையும் தருகிறது. தக்க கவனத்தோடு நடந்துகொண்டோம் என்று 80-ஆவது பிரிவின்படி எதிர்வாதம் செய்யலாம். அதற்குச் சான்று வேண்டும். கொள்முதல் பில், வந்த தேதி, தொகுதி எண், யாருக்கு எப்போது கொடுத்தோம் என்ற குறிப்பு இவையே அந்தச் சான்று. கெட்ட சரக்கு வெளியில் போய்விட்டால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெறவும் இந்தக் குறிப்புதான் உதவும்.

9. நாளை முதல் செய்யக்கூடியவை

ஒன்று: ஓட்டல் வாடிக்கையாளர்களுக்குத் தனி நோட்டுப் போடுங்கள். சரக்கின் பெயரோடு தொகுதி எண்ணையும் எழுதுங்கள்.

இரண்டு: முதலில் வந்த சரக்கு முதலில் போகட்டும். காலாவதிக்கு நெருங்கிய சரக்கை "ஓட்டலுக்குத்தானே" என்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

மூன்று: மாதக் கடனை வாரக் கடனாக மாற்றப் பேசுங்கள். மாவு, மசாலா, எண்ணெய் வாரம் ஒரு முறை புதிதாகப் போகும். நம் பணமும் குறைவாகவே வெளியில் நிற்கும்.

நான்கு: பில் இல்லாத எண்ணெய், லேபிள் இல்லாத நிறப்பொடி, தடை செய்யப்பட்ட கவர் ஆகிய மூன்றையும் கடைக்குள் விடாதீர்கள்.

ஐந்து: வட்டாரத்தில் கழித்த எண்ணெய் எடுக்கும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரின் விவரத்தை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கிக் கடையில் எழுதி ஒட்டுங்கள். சிறு கடைகள் பல சேர்ந்து ஒரே நாளில் கொடுத்தால் அவர்கள் வந்து எடுக்கவும் வசதி.

ஆறு: மாதம் ஒரு முறையாவது நாம் சரக்குப் போடும் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வடையை முகர்ந்தாலே எண்ணெயின் வயது தெரியும். ஓட்டல்காரரிடம் குறையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை.

நல்ல சரக்கைக் கொடுக்கும்போது ஒரு சில வாடிக்கையாளர்கள் விலை பார்த்து எதிர்க்கடைக்குப் போகக்கூடும். அதனால்தான் இதை ஒருவர் மட்டும் செய்யாமல் கடைவீதி முழுவதும் சேர்ந்து செய்ய வேண்டும் என்கிறோம். பில் இல்லாத டின்னை ஒரு தெருவில் எந்தக் கடையும் வாங்காவிட்டால், அந்த டின் கொண்டுவருபவர் அந்தத் தெருவுக்கு வருவதை நிறுத்திவிடுவார். உங்கள் கிளைச் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்துப் பேசி, எடுத்த முடிவை எழுதி வையுங்கள்.